அத்தியாயம் 5: கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது?

கையில் பணமே இல்லாத மாதங்களில்தான் புதுப்பட்டினத்துக் குடும்பங்களைத் தேடிக் கல்லூரிக் கட்டணம் வருகிறது. பிளஸ் டூ முடிவு மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வேலைக்குப் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதமும் வரும்படி நின்றுவிடும். கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கு அதே ஜூனில் சின்னப் பிள்ளையின் பள்ளிச் செலவும் சேர்ந்துகொள்ளும். இந்த நெருக்கடியில் எடுக்கும் முடிவு மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. பெரும்பாலான வீடுகள் முதலில் நகையை எடுக்கின்றன, பிறகு வட்டிக்கு வாங்குகின்றன, கடைசியில்தான் அரசிடம் என்ன கிடைக்கும் என்று கேட்கின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றத்தான் இந்த அத்தியாயம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசுதான் ஏற்க வேண்டும். சாப்பாடு, துணிமணி, பேருந்து, புத்தகம் ஆகியவை குடும்பத்தின் பொறுப்பு. நிரந்தரச் சம்பளமும் சொந்த வீடும் உள்ளவர்கள் முழுக் கட்டணத்தையும் கட்டலாம், கட்டவும் வேண்டும். பிள்ளையின் தலையில் கடனை ஏற்றுவது இவை எல்லாம் போதாதபோது மட்டுமே. இது என் ஆசை மட்டுமில்லை. தமிழ்நாட்டில் இன்று நடப்பில் இருக்கும் அரசாணைகள் பெருமளவு இதே திசையில்தான் இருக்கின்றன. அவை இருப்பது தெரியாமலோ, தவறான வழியில் சேர்ந்துவிட்டதாலோ நம் ஊர்க் குடும்பங்கள் அந்தப் பணத்தை இழக்கின்றன.

செலவு நம் பக்கம் வந்த கதை

1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டே நம் மாவட்டத்தில் கட்டாங்கொளத்தூரில் ஒரு கல்லூரி எழுந்தது. அதன் பிறகு ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கல்லூரிகள் வரிசையாக வந்தன. இடங்கள் பெருகின, மறுக்க முடியாது. அதற்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் பொறியாளர் ஆனார்கள். ஆனால் புதுக் கல்லூரி கட்டும் செலவு அரசின் கையிலிருந்து பெற்றோர் கைக்கு மாறியது அப்போதுதான்.

அதை நெறிப்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-இல் சட்டம் வந்தது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு ஏற்பாட்டைச் சொன்னது: பாதி இடங்கள் தகுதிக்கு, குறைந்த கட்டணத்தில், மீதி இடங்களில் கூடுதல் கட்டணம். வசதியுள்ளவர் கட்டும் பணம் வசதியற்றவரின் இடத்தைத் தாங்கியது. யார் கட்டுவது என்ற கேள்விக்கு இந்திய நீதிமன்றம் தந்த தெளிவான பதில்களில் அது ஒன்று. 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த ஏற்பாட்டை நீக்கியது. 2003-இல் இன்னொரு தீர்ப்பு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழு அமைக்கச் சொன்னது. இன்று நம் பிள்ளைகளின் பொறியியல் கட்டணத்தை முடிவு செய்வது அந்த வழியில் வந்த குழுதான்.

பிறகு அரசு வேறு வாசல் வழியாகத் திரும்ப வந்தது. கல்லூரிக்குக் கொடுப்பதற்குப் பதிலாக மாணவருக்காகக் கட்டணத்தைக் கட்டத் தொடங்கியது. 2010-இல் முதல் பட்டதாரிச் சலுகை. 2021-இல் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு விரிந்தது. அந்த இடங்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள்.

மற்ற நாடுகளையும் பார்ப்போம். இலங்கையில் கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940-களில் கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை இன்றும் நீடிக்கிறது. ஆனால் இடங்கள் குறைவு, இடம் கிடைக்காதவர்கள் ஏராளம். இங்கிலாந்து 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்று தொடங்கி 2012-இல் 9,000 பவுண்டுக்குப் போனது. அங்கே கடனைத் திருப்பிக் கட்டுவது சம்பளத்தைப் பொறுத்தது, குறிப்பிட்ட வருமானத்தைத் தொடாதவரை தவணை கிடையாது. நம் வங்கிக் கடனில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடும். கடன் பகுதிக்கு வரும்போது இதை மறக்காதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது: எந்த வழியில் சேருகிறோம்?

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இந்தப் பகுதியைப் படியுங்கள்.

முடிவு வந்த மறுநாளே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து டீக்கடையிலும் குப்பத்துக் கோயில் வாசலிலும் ஆட்கள் வந்து நிற்பார்கள். "அக்கா, கவுன்சிலிங்னு காத்துக்கிட்டிருந்தா நல்ல காலேஜ் கிடைக்காது. இப்பவே பத்தாயிரம் கட்டுங்க, சீட்டைப் பிடிச்சு வச்சிடலாம். பஸ் ஊருக்கே வரும்" என்பார்கள். பேச்சில் அன்பு இருக்கும். பஸ் வரும் என்பதும் பொய்யாக இருக்காது. அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அப்படிச் சேரும் இடம் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் பலன் கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு அரசு கட்டும் கல்விக் கட்டணமும் தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு வராது. அதே கல்லூரி, அதே வகுப்பு, பக்கத்து பெஞ்சு. கலந்தாய்வில் வந்த பிள்ளைக்கு அரசு கட்டும், இந்தப் பிள்ளைக்கு அப்பா கட்ட வேண்டும்.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் புரியும். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. முதல் பட்டதாரி என்றால் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் 25,000 ரூபாயை அரசு கட்டிவிடும். ஆக, அங்கீகாரம் இல்லாத பாடப்பிரிவில் ஒரு பிள்ளைக்கு 25,000, பக்கத்துப் பிள்ளைக்கு 85,000. நான்கு ஆண்டில் இடைவெளி 2,40,000 ரூபாய். கட்டண விகிதங்கள் அவ்வப்போது திருத்தப்படலாம்; சேரும் ஆண்டில் குழுவின் பட்டியலைப் பார்த்து உங்கள் கல்லூரியின் தொகையை எழுதிக்கொள்ளுங்கள். தொகை மாறினாலும் இரண்டு வாசலுக்கும் உள்ள இடைவெளி போகாது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. அவற்றில் நல்ல படிப்பும் இருக்கிறது. ஆனால் அவை அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு வெளியே இருப்பவை, அவற்றின் பொறியியல் கட்டணத்தை மாநிலக் குழு தீர்மானிப்பதில்லை. நிகர்நிலைக்குப் பணம் கட்டுவது முழுக்க உங்கள் கையிலிருந்துதான் என்று தெரிந்து முடிவெடுங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் பதற வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி உண்டு. 2024-25-க்கு மானியக் குழு சொன்னது: செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31-க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம். ஒவ்வோர் ஆண்டும் தேதி புதிதாக வரும். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

சான்றுகள்: ஏப்ரலிலேயே தொடங்குங்கள்

வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. நான்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் திருக்கழுக்குன்றம் வட்டாட்சியர் அலுவலகம் போய் வரும். தேர்வு முடிவு வந்த வாரத்தில் மாவட்டமே ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும், தேங்கிவிடும். கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு போய்விடுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு வருமான வரம்பு கிடையாது, சாதி வரம்பும் கிடையாது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். அக்கா கலைக் கல்லூரியில் பி.ஏ. படிக்கிறாள், தம்பி பொறியியலுக்குப் போகப் போகிறான் என்றால் யார் பெயரில் இந்தச் சான்றைப் பயன்படுத்துவது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தொகை பெரிதாகக் குறைவது பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு. ஆனால் அதற்காகப் பெண் பிள்ளையின் படிப்பைத் தள்ளிவைக்கும் யோசனை வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்களில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கும் இது பொருந்தும்; 2012-இல் வந்த 92-ஆம் எண் அரசாணையைக் கல்லூரி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், நீங்களும் எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். இதில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஆதிதிராவிடர் மாணவருக்கான செலவில் 60 விழுக்காடான மத்திய அரசுப் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்கிலேயே வரவாகிறது. அதில் கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணமும் அடக்கம். கணக்கில் பெரிய தொகை வந்ததும் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு, ஆண்டு முடிவில் ஹால் டிக்கெட்டுக்கு அலையும் நிலை பல வீடுகளில் நடக்கிறது. அந்தப் பணத்துக்கு நீங்கள் காவல்காரர் மட்டுமே.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாருடன் இணைந்து, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்குத் திறந்திருக்க வேண்டும். ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளையில் போய் உதவித்தொகை இந்தக் கணக்குக்குத்தான் வருமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். உதவித்தொகை வரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மாதம் 1,000 ரூபாய்

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டம், ஆணுக்குத் தமிழ்ப் புதல்வன். முன்னது 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது, பின்னது 2024 ஆகஸ்டில். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு, ஐ.டி.ஐ. எதுவானாலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் கணக்கில் வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைப்படாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். சேர்ந்த முதல் மாதத்திலேயே அதற்கான பொறுப்பாசிரியர் யார் என்று கேளுங்கள். இந்த ஆயிரத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். நோட்டு, ஜெராக்ஸ், டீ, பேருந்து எதற்கும் வீட்டில் கை நீட்டாத பிள்ளை படிப்பை நடுவில் விடுவது குறைவு என்பது என் அனுபவம்.

பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு

செங்கல்பட்டில் இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1970-இல் தொடங்கியது. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலை வகுப்புக்குக் கற்பிப்புக் கட்டணமே இல்லை. தேர்வுக் கட்டணம் போன்ற சிறு தொகைகள்தான். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் பயணம் இலவசம், அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பஸ் பாஸ் உண்டு. பணமே இல்லாத வீட்டுக்கும் மூன்று ஆண்டுப் பட்டம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. இதை இரண்டாந்தரமாகப் பார்க்கும் மனநிலை நம் ஊரில் இருக்கிறது. வருத்தமாக இருக்கிறது. லட்சங்கள் கொட்டிப் பிடிக்காத பொறியியல் படித்து நான்கு பாடம் அரியரோடு வெளியே வருவதைவிட, பிடித்த வணிகவியலையோ வேதியியலையோ இங்கே படித்துப் போட்டித் தேர்வு எழுதுவது நல்லது.

அரசு உதவிபெறும் தனியார் கல்லூரிக்குப் போனால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எய்டட் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே கட்டடம், ஒரே பெயர், சில சமயம் ஒரே ஆசிரியர்கூட. கட்டணம் பல மடங்கு மாறும்.

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியும் நம் வாசலில்தான் இருக்கிறது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து படிக்கிறார்கள். கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் தங்களுக்கென்று ஒதுக்கீடு இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூரம் என்று தயங்குகிறவர்களுக்கு: அரசு நடத்தும் நலத்துறை விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். 2025 முதல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர்.

கட்டணச் சீட்டைப் படிப்பது

கல்விக் கட்டணத்துக்கு வரம்பு வந்த பிறகு செலவு மற்ற தலைப்புகளில் ஏறுகிறது. பஸ் கட்டணம், மெஸ் கட்டணம், பிளேஸ்மென்ட் பயிற்சி, சீருடை, ஆண்டு மலர், சங்கம். ஆகவே சேர்வதற்கு முன் நான்கு ஆண்டுக்குமான முழுத் தொகையை, தலைப்பு வாரியாக, எழுத்தில் கேளுங்கள். பஸ் கட்டாயமா என்று கேளுங்கள். அரசுப் பேருந்தில் போகக்கூடிய கல்லூரிக்கு, பல்லாயிரம் ரூபாய் பஸ் கட்டணம் கட்டும் வீடுகள் இருக்கின்றன. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரியின் பெயர் அச்சான ரசீது வேண்டும். ரசீது தர மறுக்கும் தொகை 1992 சட்டம் தடுக்கும் நன்கொடையாக இருக்கக்கூடும். பேச்சு அங்கே நிற்கட்டும்.

உதவித்தொகை அரசிடமிருந்து தாமதமாக வரும்போது, "இப்போது நீங்கள் கட்டுங்கள், வந்ததும் தருகிறோம்" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். கல்லூரிக்கும் சம்பளம் போட வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அரசின் தாமதத்துக்கு வட்டி கட்ட வேண்டியது மீன் விற்கும் அம்மா இல்லை. உதவித்தொகை விண்ணப்பத்தின் ஒப்புகையை இணைத்து முதல்வருக்கு எழுத்தில் அவகாசம் கேளுங்கள். கேட்கவில்லையென்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

வங்கிக் கடன்

இவ்வளவும் செய்த பிறகும் மிச்சம் நிற்கும் தொகைக்குத்தான் கடன். 4 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம், வெளி ஆள் ஜாமீன் வேண்டாம். பெற்றோர் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சம் வரை கடனுறுதித் திட்டத்தின் கீழ் அடமானம் இல்லாமல் தரலாம். கிளையில் வாய்மொழியாக "கிடையாது" என்று சொன்னால் திரும்பிவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் மறுப்பும் காரணத்தோடு பதிவில் வர வேண்டும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்து வட்டியையும் அதற்குப் பிந்தைய ஓராண்டு வட்டியையும் மத்திய அரசு ஏற்கும். இது தானாக வராது. வருமானச் சான்றைக் கொடுத்து, வட்டி மானியத்தில் சேர்த்தாகிவிட்டதா என்று கிளையில் ஒவ்வோர் ஆண்டும் கேளுங்கள்.

மானியம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம், 10 விழுக்காடு சாதா வட்டி என்று வைப்போம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து வட்டி மட்டும் 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். மொத்தம் 5.4 லட்சம். பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். முதல் வேலையில் 15,000 சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு அதில் பாதி போய்விடும். படிக்கும்போதே அவ்வப்போது வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை 5,300-க்குள் நிற்கும். தடைக்காலம் முடிந்து மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் இதைச் செய்யலாம்.

ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினால் 1 லட்சத்துக்கு ஆண்டு வட்டி மட்டும் 36,000. நான்கு ஆண்டில் வட்டி முதலைத் தாண்டிவிடும், முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. கடன் கொடுத்தவர் மிரட்டினால் காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியே புகார் எழுதுங்கள்.

ஊர் கட்ட வேண்டிய பங்கு

இதுவரை சொன்னது வீடும் அரசும் வங்கியும். நம் ஊருக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் ஒரு நிறுவனம். 2013 கம்பெனிச் சட்டப்படி முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அணுமின் நிலையத்தின் பக்கத்தில் வாழ்வதன் சுமைகளை இந்த ஊர் சுமக்கிறது. அதன் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தையும் விடுதிக்குப் போகும் முதல் ஆண்டுச் செலவையும் அந்த நிதியிலிருந்து கேட்பது நியாயம்.

கேட்கும் இடம் கிராம சபை. மே 1-ஆம் தேதி கூட்டம் தேர்வு முடிவுக்குச் சில நாள் முன்னதாக வருகிறது, பொருத்தமான நேரம். அன்று கொண்டுவர வேண்டிய தீர்மானத்தில் மூன்று விவரம் இருந்தால் போதும்: இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லை, ஒரு பிள்ளைக்கு அரசுப் பங்கு போக ஆண்டுக்கு எவ்வளவு தேவை. முதல் இரண்டு எண்ணிக்கையையும் பள்ளித் தலைமையாசிரியரும் மகளிர் குழுக்களும் ஏப்ரலிலேயே திரட்டிவிட முடியும். தீர்மான நகலை நிலைய இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஆகஸ்ட் 15 கூட்டத்தில் அதே தீர்மானத்தைத் தபால் ரசீதோடு மறுபடி வையுங்கள்.